வெளி ஃபிளாஷ்: கூரையைப் பார்த்து வாங்குங்கள்

ஃபிளாஷ் வாங்க நினைத்ததும் பலரும் நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் போக வேண்டியது நீங்கள் அடிக்கடி படமெடுக்கும் கூடத்துக்கும் மண்டபத்துக்கும் வீதிக்கும். அங்கே நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் இருப்பது வெள்ளைத் தளமா, கறுத்த மர உத்தரமா, திறந்த வானமா? தளம் என்றால் பத்தடி உயரத்தில் இருக்கிறதா, இருபதடி உயரத்திலா? பக்கத்துச் சுவர் வெள்ளையா, பச்சையா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டால் உங்களுக்கு எவ்வளவு சக்தியுள்ள ஃபிளாஷ் வேண்டும், அதன் தலை எப்படியெல்லாம் திரும்ப வேண்டும், தனியாகக் கழற்றி வைத்து அடிக்க வேண்டியிருக்குமா என்பதெல்லாம் தெளிவாகிவிடும். பிராண்டையும் விலையையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் தொழில் செய்பவருக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். இங்கே ஒரே குடும்பத்தின் விசேஷத்துக்குள் எல்லா வகை வெளிச்சமும் வந்துவிடும். உத்திர வீதியில் பழைய வீட்டுக் கூடத்தில் சீமந்தம் நடக்கும். முக்கொம்பில் பட்டப்பகலில் மணமக்களைத் தனியாக நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள். சாயங்காலம் வீதியில் ஜானவாசம், விடிந்தால் மண்டபத்தில் முகூர்த்தம். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் ஃபிளாஷைத் தேர்ந்தெடுக்க உதவுவதே இந்த அத்தியாயம்.

கேமராவில் இருக்கும் ஃபிளாஷ் ஏன் போதாது?

நுழைவுநிலை டிஎஸ்எல்ஆர்களின் தலையில் எழும்பி நிற்கும் குட்டி ஃபிளாஷுக்கு மூன்று குறைகள். சக்தி மிகக் குறைவு. லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் ஒளி முகத்தில் நேராக மோதி, மூக்கும் கன்னமும் மேடு பள்ளமின்றித் தட்டையாகிவிடும். கண்ணில் சிவப்பு விழும். பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது குறைதான் பெரியது: அதைத் திருப்ப முடியாது.

வெளி ஃபிளாஷின் முழுப் பயனும் இந்த மூன்றாவது குறையைத் தீர்ப்பதில்தான் இருக்கிறது. ஒளி சின்ன இடத்திலிருந்து வந்தால் நிழல் கூர்மையாக விழும், பெரிய பரப்பிலிருந்து வந்தால் நிழல் மெல்லியதாகும். ஃபிளாஷின் முகம் உள்ளங்கை அளவுகூட இருக்காது. அதையே வெள்ளைக் கூரைமேல் திருப்பி அடித்தால் கூரை முழுவதும் விளக்காகிவிடுகிறது. இதற்குத்தான் தொழிலில் பவுன்ஸ் என்று பெயர். ஃபிளாஷை நேராகவே அடிப்பதென்றால் வெளி ஃபிளாஷுக்குச் செலவழித்த பணத்தில் பாதி வீண்.

கைடு நம்பரைப் படிக்கும் முறை

ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் எண் கைடு நம்பர். கணக்கு எளிது: கைடு நம்பரை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் ஒளி எத்தனை மீட்டர் எட்டும் என்பது வரும். இது ஐஎஸ்ஓ 100-க்கான கணக்கு. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் எட்டும் தூரம் இரட்டிக்கும்.

இந்தக் கணக்கை ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் முன் வைத்துப் பாருங்கள். 1987 மார்ச் 25-இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். கைடு நம்பர் 60 உள்ள பெரிய ஃபிளாஷை எஃப் 2.8-இல் அடித்தால் ஒளி எட்டுவது 21 மீட்டர். மாலையில் கோபுரத்தை நோக்கிப் பளிச்பளிச்சென்று அடிப்பவர்களின் ஒளி கோபுரத்தின் மேல்நிலைகளைத் தொடுவதே இல்லை. அந்த இடத்தில் கோபுரத்துக்கு வெளிச்சம் தர வேண்டியது அந்தி வானம். அந்த வானத்துக்கும் கோபுரத்துக்கும் ஏற்ப ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் வைத்துக்கொண்டு, மூன்று மீட்டர் முன்னால் நிற்கும் குடும்பத்துக்கு மட்டும் ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் அடியுங்கள். கோபுரம், முகம் இரண்டும் படத்தில் நிற்கும்.

இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு விதி உண்டு. தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் முன்வரிசையும் நாலு மீட்டரில் பின்வரிசையும் நிற்கும் குழுப்படத்தில் நேர் ஃபிளாஷ் அடித்தால் முன்னால் இருக்கும் குழந்தைகள் வெளுத்துப்போவதும் பின்னால் நிற்கும் தாத்தா இருட்டில் மறைவதும் இதனால்தான்.

கடையில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஃபிளாஷின் தலைக்குள் ஜூம் உண்டு. ஜூமை நீட்டினால் ஒளிக்கற்றை குறுகி, எண் பெரிதாகிவிடும். கேனான் 600 இஎக்ஸின் கைடு நம்பர் 60. அது 200 மி.மீ. ஜூமில் எடுத்த கணக்கு. நிகான் எஸ்பி-5000-இன் எண் 34.5, அது 35 மி.மீ. ஜூமில் எடுத்தது. எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் பாதி போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சக்தி, 35 மி.மீ. ஜூமில் கேனானின் எண்ணும் 36 தான். ஆகவே எண்ணைக் கேட்கும்போதே "இது எத்தனை மி.மீ. ஜூமில்?" என்றும் கேளுங்கள். ஒப்பிடுவதை 35 மி.மீ. எண்களுக்கிடையே செய்யுங்கள்.

மண்டபத்துக்கு எவ்வளவு சக்தி?

நடுத்தரமான கல்யாண மண்டப மேடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தளம் பன்னிரண்டு அடி உயரம். ஃபிளாஷிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து மணமக்கள் முகத்துக்கும் ஒளி போகும் பாதை சுமார் ஆறு மீட்டர். கூரையில் பட்டுச் சிதறுவதில் இரண்டு ஸ்டாப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். கேமராவில் ஐஎஸ்ஓ 800, எஃப் 4.

35 மி.மீ. ஜூமில் கைடு நம்பர் 36 உள்ள பெரிய ஃபிளாஷுக்கு இந்த வேலை கால் பங்கு சக்திக்குள் முடிந்துவிடும். அதே ஜூமில் கைடு நம்பர் 22 உள்ள சிறிய ஃபிளாஷ் பாதிக்கும் மேலான சக்தியைச் செலவழிக்க வேண்டும். இரண்டிலும் படம் விழும். வேறுபாடு அடுத்த படத்தில்தான் தெரியும்.

திருமாங்கல்யதாரண நேரத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போடுகிறார், நாத்தனார் பின்னால் குனிகிறார், நாலாபுறத்திலிருந்தும் அட்சதை பறக்கிறது. எல்லாம் சில நொடிகள். கால் பங்கில் வேலை செய்யும் ஃபிளாஷ் அடுத்தடுத்து வெளிச்சம் தரும். பாதிக்கு மேல் செலவழித்த ஃபிளாஷ் மறுபடி நிறைய ஓரிரு நொடியாவது வேண்டும். செல் தளர்ந்திருந்தால் இன்னும் கூடும். இரண்டாம் படத்தில் வெளிச்சம் இராது. சக்தி கூடிய ஃபிளாஷ் வாங்குவது முதலில் வேகத்துக்காக. வெளிச்சம் கூடுவது அதற்கு அடுத்த பலன்.

கூரை இருபதடி உயரமென்றாலோ, மரப்பலகை அடித்த உள்கூரை என்றாலோ பெரிய ஃபிளாஷ் இருந்தாலும் பவுன்ஸை நம்பியிருக்க முடியாது. அங்கே ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஸ்டாண்டில் குடை மாட்டி வைக்க வேண்டும். சுவர் பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தால் அதில் பட்டு வரும் ஒளியும் அந்த நிறத்தையே முகத்தில் பூசும். மண்டபத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

தலை எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும்

சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் உள்ள பழைய வீடுகளில் திண்ணை, ரேழி தாண்டிக் கூடத்துக்குள் போனால் மேலே மர உத்தரமும் கட்டைகளும் வரிசையாக ஓடும். பல தலைமுறைப் புகையேறிக் கறுத்த மரம் ஃபிளாஷ் ஒளியை விழுங்கிவிடும்; மிச்சம் வருவது பழுப்பு நிறத்தில் வரும். அங்கே கைகொடுப்பது சுண்ணாம்படித்த பக்கச் சுவர். ஃபிளாஷின் தலையை இடமோ வலமோ பின்பக்கமோ திருப்பிச் சுவரில் அடித்தால், முற்றத்திலிருந்து வரும் பகல் வெளிச்சத்தைப் போலவே பக்கவாட்டு ஒளி முகத்தில் படியும். ஒன்பது கஜப் புடவையின் மடிப்பும் சரிகையும் அந்த ஒளியில்தான் துலங்கும். நேர் ஃபிளாஷில் சரிகை வெறும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கும்.

ஆகவே, மேலே மட்டும் நிமிரும் தலையுள்ள சிறிய ஃபிளாஷ்களைத் தவிர்த்துவிடுங்கள். இடம், வலம் இரண்டு பக்கமும் 180 டிகிரி திரும்பினால் நல்லது. கேமராவை நெட்டுவாக்கில் பிடித்ததுமே இதன் அருமை தெரிந்துவிடும்: மேலே மட்டும் நிமிரும் தலை அப்போது பக்கச் சுவரைத்தான் பார்க்கும், கூரைக்குத் திருப்ப வழியே இராது. ஆளுயரப் படங்களில் பெரும்பகுதி நெட்டுவாக்கில் எடுப்பவைதானே.

டிடிஎல் வேண்டுமா, மேனுவல் போதுமா?

டிடிஎல் என்பது ஃபிளாஷ் தன் சக்தியைத் தானே முடிவு செய்யும் முறை. ஷட்டர் திறக்கும் முன் ஒரு சிறு முன்னொளியை வீசி, அது திரும்பி வரும் அளவை லென்ஸ் வழியாகக் கேமரா அளக்கிறது. அதற்கேற்ப முதன்மை ஒளியின் அளவைச் சொல்கிறது. கேனான் இதை ஈ-டிடிஎல் என்றும் நிகான் ஐ-டிடிஎல் என்றும் அழைக்கின்றன. மேனுவலில் முழுச் சக்தி, பாதி, கால், எட்டில் ஒன்று என்று நீங்களே வைக்க வேண்டும்.

நம் ஊர் விசேஷங்களில் டிடிஎல்லை ஏமாற்றும் பொருள்கள் நிறைய. எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் கேமரா அளக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பத்துப் பேர் நின்றால் ஒளி அதிகம் என்று முடிவுகட்டிச் சக்தியைக் குறைத்துவிடும். வேட்டி மங்கும், முகம் கறுக்கும். அப்போது ஃபிளாஷ் ஈடுசெய்தலை மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். வரவேற்பில் மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில் நின்றால் நேர்மாறு. கொஞ்சம் குறைக்க வேண்டும். நகையும் சரிகையும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்பினாலும் அளவு பிசகும்.

தூரம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் டிடிஎல் உங்களுக்குத் துணை: மாலை மாற்றும்போது மணமக்களை மாமன்மார் தூக்கிக்கொண்டு ஆடும் நேரம், ஊஞ்சல், காசி யாத்திரை, குழந்தைகளின் ஓட்டம். தூரம் மாறாத இடத்தில் மேனுவல்தான் சிறந்தது. வரவேற்பு மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். மணமக்கள் நிற்கும் இடம் மாறாது, நீங்கள் நிற்கும் இடமும் மாறாது. வாழ்த்த வரும் வரிசையில் ஒரு குடும்பம் வெள்ளை உடுத்தி வரும், அடுத்தது அடர்நீலப் பட்டில் வரும். டிடிஎல்லில் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் விழும். மேனுவலில் ஒருமுறை சோதித்து வைத்துவிட்டால் முதல் படமும் கடைசிப் படமும் ஒரே வெளிச்சம். ஆல்பம் கோக்கும்போது திருத்த வேலை பெரும்பகுதி மிச்சம்.

கல்யாணம் எடுப்பவர் டிடிஎல்லும் மேனுவலும் உள்ள ஃபிளாஷ் வாங்கட்டும். பொருள், நகை, பலகாரம், வீட்டில் நிறுத்தி எடுக்கும் உருவப்படம் என்று நிதானமாக வேலை செய்பவருக்கு மேனுவல் மட்டும் உள்ள ஃபிளாஷ் தாராளமாகப் போதும்.

வீதியிலும் வெயிலிலும்

ஜானவாசம் வீதியில் நடப்பது. பவுன்ஸ் செய்யக் கூரை கிடையாது. ஃபிளாஷைக் கழற்றிச் சிறு சாஃப்ட் பாக்ஸுடன் ஒரு கோலில் மாட்டி, உதவியாளர் கையில் கொடுத்துப் பக்கவாட்டில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஷட்டரை 1/30 அளவுக்குத் தாழ்த்தி, ஐஎஸ்ஓவை 1600 அல்லது அதற்கு மேல் ஏற்றினால் தெருவிளக்கும் கடை வெளிச்சமும் படத்தில் வரும். விளக்குகள் மஞ்சளாக இருக்கும்போது ஃபிளாஷ் முகத்தை மட்டும் நீலம்பாரித்துக் காட்டும். அதைத் தவிர்க்க ஃபிளாஷின் முகத்தில் ஆரஞ்சு நிற ஜெல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபிளாஷோடு ஜெல் தருகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஃபிளாஷைத் தொலைவிலிருந்து இயக்கும் டிரிக்கர் வேண்டும். ஒளியால் இயங்குவது, ரேடியோவால் இயங்குவது என்று இரண்டு முறை உண்டு. ரேடியோ உள்ளதையே வாங்குங்கள். ஒளியால் தூண்டப்படும் எளிய ஸ்லேவ் முறையில், மண்டபத்தில் வேறு யார் ஃபிளாஷ் அடித்தாலும் உங்கள் ஃபிளாஷும் கூடவே அடித்து, உங்களுக்குத் தேவையான நேரத்தில் காலியாக நிற்கும். வெயிலிலும் அது சரியாக வேலை செய்யாது. கேனான் 2012-இல் 600 இஎக்ஸ்-ஆர்டியிலும் நிகான் 2016-இல் எஸ்பி-5000-இலும் ரேடியோவை உள்ளேயே வைத்தன. கோடாக்ஸ் ஃபிளாஷ்களில் டிடி 600 போன்ற விலை குறைந்தவற்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இருக்கிறது. ஒரு கம்பெனியின் ரேடியோ இன்னொரு கம்பெனியின் ரேடியோவோடு பொதுவாகப் பேசாது. முதல் ஃபிளாஷை எந்தக் குடும்பத்தில் வாங்குகிறீர்களோ, இரண்டாவதும் மூன்றாவதும் டிரிக்கரும் அதே குடும்பத்தில்தான் வாங்க நேரும். முதல் முடிவைக் கவனமாக எடுங்கள்.

முக்கொம்பிலோ காவிரி மணலிலோ நடுப்பகலில் எடுக்கும்போது பிரச்சினை வேறு. உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும். அதை நிரப்ப ஃபிளாஷ் வேண்டும். ஆனால் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 வரைதான். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப் 11-க்குப் போய்விடும். பின்னணி முழுதும் கூர்மையாகி, மணமக்கள் அதில் கலந்துவிடுவார்கள். பின்னணியை மங்கலாக்க எஃப் 2.8 வேண்டுமென்றால் ஷட்டர் 1/3200 ஆக வேண்டும். அதற்கு ஹை ஸ்பீடு சிங்க் என்ற வசதி ஃபிளாஷிலும் கேமராவிலும் இருக்க வேண்டும். சில நுழைவுநிலைக் கேமராக்களில் இது கிடையாது. உங்கள் கேமராவின் கையேட்டைப் பாருங்கள்.

இந்த வசதிக்கு விலையும் உண்டு. ஷட்டர் இடுக்கு நகர்ந்து முடியும்வரை ஃபிளாஷ் சிறு சிறு துடிப்புகளாக எரிந்துகொண்டே இருக்க வேண்டியிருப்பதால் அதன் எட்டும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். நேராக அடித்தாலே இரண்டு மூன்று மீட்டருக்குள் ஆள் நிற்க வேண்டும். சாஃப்ட் பாக்ஸ் மாட்டினால் இன்னும் அருகே. வெளிப்புறப் படம்தான் உங்கள் முக்கிய வருமானம் என்றால் கேமரா மேல் மாட்டும் வகையை விட்டு, கோடாக்ஸ் ஏடி 200 போன்ற 200 வாட்-செகண்ட் பேட்டரி ஃபிளாஷ் பக்கம் போவது புத்திசாலித்தனம். அது சாதாரண ஃபிளாஷைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் தரும்.

செல்லா, பேட்டரியா?

நாலு ஏஏ செல் போடும் ஃபிளாஷ், தனி லித்தியம் பேட்டரி உள்ள ஃபிளாஷ் என்று இரு வகை. செல் வகையில் சாதாரண அல்கலைன் செல் வேண்டாம். எனலூப் போன்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்தான் சரி. அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான் என்றாலும் மின்சாரத்தை வேகமாகத் தரவல்லது. ஃபிளாஷ் சீக்கிரம் நிறையும். நாலு செல்லையும் ஒரே நாளில் வாங்கி, பேனாவால் ஒரே எண் எழுதி, எப்போதும் சேர்த்தே போடுங்கள், சேர்த்தே சார்ஜ் செய்யுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் நாலும் கெடும்.

லித்தியம் வகையில், கோடாக்ஸ் வி 860 இரண்டாம் பதிப்பு முழுச் சக்தியில் சுமார் 650 முறை அடிக்கும், ஒன்றரை நொடியில் மறுபடி நிறையும் என்று கம்பெனி சொல்கிறது. முழுநாள் கல்யாணத்துக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் பேட்டரி அந்த வகைக்கு மட்டுமே பொருந்தும். அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் ஏஏ செல் கிடைப்பதுபோல் அது கிடைக்காது. வாங்கும்போதே உபரி பேட்டரி ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

எதுவானாலும் சூட்டைக் கவனியுங்கள். முழுச் சக்தியில் தொடர்ந்து அடித்தால் ஃபிளாஷ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். திருச்சி சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வேலை இல்லாத மாதங்களில் செல்லைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை போட்டுச் சில தடவை அடியுங்கள், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருக்கும். பழுதானால் நீங்களே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா?

இந்த இடத்தில்தான் பலருடைய பணம் வீணாகிறது. உங்கள் கேமராவின் தலையில் ஃபிளாஷ் செருகும் ஹாட் ஷூவை உற்றுப் பாருங்கள். நடுவில் வட்டமான பெரிய தொடுமுனை ஒன்று இருக்கிறதா? கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய கேமராக்களில் அந்த நடு முனை இல்லை. அந்த ஒரு முனையை மட்டும் நம்பி இயங்கும் மேனுவல் ஃபிளாஷ்களும் எளிய டிரிக்கர்களும் அவற்றில் அடிக்கவே அடிக்காது. கேனானின் ஃபிளாஷோ, இந்தக் கேமராக்களோடு வேலை செய்வதாக உறுதி சொல்லும் டிடிஎல் ஃபிளாஷோதான் அவற்றுக்கு ஆகும். நம் ஊரில் முதல் கேமராவாகப் பலரும் வாங்குவது இந்த வரிசைதான் என்பதால் இதை மறக்கவே கூடாது.

டிடிஎல் ஃபிளாஷ் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கோடாக்ஸில் பெயரின் கடைசியில் சி என்றிருந்தால் கேனானுக்கு, என் என்றிருந்தால் நிகானுக்கு. பெட்டியிலும் ஃபிளாஷின் மேலும் எழுத்தைச் சரிபாருங்கள்.

பழைய ஸ்டூடியோக்களில் பிலிம் காலத்து ஃபிளாஷ்கள் இன்னும் கிடக்கின்றன. சும்மா கொடுத்தாலும் டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீர்கள். அவற்றில் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும். கேமராவின் மின்சுற்றே போய்விடக்கூடும்.

ஃபிளாஷ் அடிக்கக் கூடாத இடங்கள்

நல்ல ஃபிளாஷ் வைத்திருப்பவர் எங்கே அதை அணைக்க வேண்டும் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். கருவறைகளில் படமெடுக்கவே அனுமதி இல்லை. கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமராவுக்கு எங்கே அனுமதி, எங்கே இல்லை என்பதைக் கோயில் அலுவலகத்தில் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள். பழைய சுவரோவியங்கள்மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கோயில் யானையின் முகத்துக்கு நேரே ஒருபோதும் வேண்டாம். அது மிரண்டால் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. புறப்பாட்டின்போது பெருமாளை ஏளப்பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கண்ணுக்கு நேரே அடிப்பதும் தவறு. தோளில் பாரத்தோடு நடப்பவருக்கு ஒரு நொடி கண் இருண்டாலும் போதும்.

ஸ்ரீரங்கம் கோயிலில் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களுக்கும் ஃபிளாஷ் தேவையில்லை. சிற்பத்தின் திரட்சியைக் காட்டுவது பக்கவாட்டு வெயில். நேர் ஃபிளாஷ் அதைத் தட்டையாக்கிவிடும். மின்ஃபிளாஷ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, 1858-இல், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்தார். அந்தப் படங்களில் கல்லின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. கட்டடத்துக்குச் சூரியனுக்காகக் காத்திருங்கள். முகத்துக்கு ஃபிளாஷைப் பயன்படுத்துங்கள்.

யாருக்கு எது?

குடும்ப விசேஷங்களை ஆசைக்கு எடுப்பவர்: தலை எல்லாப் பக்கமும் திரும்பும், டிடிஎல் உள்ள, ஏஏ செல் போடும் ஒரு ஃபிளாஷ். கோடாக்ஸ் டிடி 685 வரிசை, கேனான் 430 இஎக்ஸ் வரிசை, நிகான் எஸ்பி-700 ஆகியவை இந்த இடத்தில் வரும்.

கல்யாணம் எடுப்பவர்: லித்தியம் பேட்டரியும் ரேடியோவும் உள்ள பெரிய டிடிஎல் ஃபிளாஷ் ஒன்று, அதே குடும்பத்தில் மேனுவல் ஃபிளாஷ் ஒன்று, ஒரு டிரிக்கர், ஸ்டாண்ட், குடை. ஹோமப் புகை சூழும்போது கேமரா மேலிருந்து நேரே அடித்தால் புகைதான் வெளுக்கும். இந்த இரண்டாவது ஃபிளாஷைப் பக்கவாட்டில் வைத்து அடித்தால் புகைக்கு நடுவிலும் முகம் தெளியும். முதல் ஃபிளாஷ் பழுதானாலும் வேலை நிற்காது.

வீட்டிலோ கடையிலோ பொருள் எடுப்பவர்: நடு முனை உள்ள கேமரா என்றால் மேனுவல் ஃபிளாஷ் இரண்டும் ஒரு டிரிக்கரும்.

கேமரா கம்பெனியின் உயர்நிலை ஃபிளாஷ் ஒன்றின் விலையில் மற்ற கம்பெனி ஃபிளாஷ் இரண்டு மூன்று வாங்கலாம். கம்பெனி ஃபிளாஷில் கட்டமைப்பும் பொருத்தமும் உறுதி. கேமரா மாறினாலும் சிக்கல் குறைவு. இருந்தாலும் தொடங்குபவருக்கு என் பரிந்துரை, ஒரு விலையுயர்ந்த ஃபிளாஷைவிட நடுத்தரமான இரண்டு ஃபிளாஷ். ஒளியைக் கேமராவிலிருந்து பிரித்துப் பழகுவதில் கிடைக்கும் முன்னேற்றம் பிராண்டில் கிடைக்காது.

கடையில் செய்ய வேண்டியவை

உங்கள் கேமராவையும், சார்ஜ் செய்த செல்லையும் கொண்டுபோங்கள். "அண்ணே, என் கேமராவுலயே மாட்டிப் பாத்துக்கிறேன்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல கடைக்காரர் அவரே எடுத்து மாட்டிக் கொடுப்பார்.

முதலில் செருகிப் பூட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. டிடிஎல்லில் கூரை பார்த்து ஒன்று, சுவர் பார்த்து ஒன்று எடுங்கள். மேனுவலில் முழுச் சக்தியில் ஐந்தாறு முறை அடித்து, மறுபடி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். லென்ஸ் ஜூமைத் திருப்பினால் ஃபிளாஷுக்குள் மோட்டார் நகரும் சத்தம் கேட்க வேண்டும். டிரிக்கரோடு இணைத்து, கடைக்கு வெளியே பத்தடி தள்ளி வைத்து அடித்துப் பாருங்கள். பழைய ஃபிளாஷ் என்றால் விளக்குக் குழாயின் ஓரம் கறுத்திருக்கிறதா, முன் பிளாஸ்டிக் மஞ்சளித்திருக்கிறதா, செல் வைக்கும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா, தலை வைத்த கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பில், உத்தரவாத அட்டை இரண்டையும் வாங்குங்கள். பழுதானால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கல்யாண வேலைக்கு எடுத்துப் போகும் முன் ஒரு பயிற்சி. வீட்டில் ஒருவரை ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/100-இல் ஐந்து படம் எடுங்கள்: நேராக, கூரையில், இடச்சுவரில், வலச்சுவரில், பின்பக்கச் சுவரில். 1/100-க்குக் காரணம், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிப்பதால் அந்த வேகத்தில் எல்இடி வெளிச்சத்தின் பட்டைகள் விழுவது குறையும். ஐந்தையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறகு தெரிந்தவர்களின் வீடுகளுக்கும் நீங்கள் வேலை செய்யப்போகும் மண்டபத்துக்கும் போய் இதே ஐந்தையும் எடுங்கள். எந்தக் கூடத்தில் எந்தச் சுவர் உங்களுக்கு விளக்காகும் என்பது கதவைத் தாண்டியதுமே கண்ணில் படத் தொடங்கும்வரை இந்தப் பயிற்சியை விடாதீர்கள்.